அப்பா அம்மாவோடு கியோட்டோ போகிறோம், எங்கே தங்கலாம்? தங்கியவர்கள் சொல்லுங்கள்

கல்லடித் தம்பி:

வணக்கம் எல்லாருக்கும். வருகிற நவம்பர் கடைசியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜப்பான் போக யோசித்திருக்கிறோம். தங்கச்சி நகோயாவில் படிக்கிறாள், அவளும் வந்து சேர்ந்தால் நாலு பேர். டோக்கியோவை விட அம்மாவுக்குக் கியோட்டோதான் பார்க்க வேண்டுமாம், 794இல் தொடங்கி ஆயிரம் வருசத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊர், கோயிலும் தோட்டமும் மரவீடுகளுமாக இன்னும் நிற்கிறது என்று எங்கேயோ பார்த்துவிட்டு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறா.

என் யோசனை எல்லாம் தங்குமிடம் பற்றித்தான். இணையத்தில் தேடினால் ரியோகன் என்கிற பழைய பாணி விடுதிகள், மச்சியா என்கிற மரவீடுகள், ரெயில் நிலையத்துக்குக் கிட்ட ஹோட்டல்கள், கோயில் விடுதிகள் என்று போய்க்கொண்டே இருக்கிறது, படத்தில் எல்லாமே வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் நோ, நிலத்தில் இருந்தால் எழும்ப ஆள் வேண்டும். அப்பா மச்சம் தொடமாட்டார், முட்டையும் இல்லை. நம்மட பக்கத்தில் இருந்து போய்த் தங்கியவர்கள் இருந்தால், அங்கே உண்மையில் எப்படி இருந்தது, எந்தப் பகுதியில் எடுத்தால் அலைச்சல் குறைவு, ரியோகனுக்குக் கொடுக்கிற காசு பெறுமதியா என்று சொல்லுங்கள்.

செட்டிபாளையம் அக்கா:

தம்பி, அம்மாவின் முழங்காலை வைத்து முதலில் முடிவெடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாங்கள் மாமா மாமியோடு போனோம், மாமிக்கும் இதே வருத்தம். ரியோகன் அறையில் தரை முழுக்கத் தத்தாமி என்கிற புல்பாய், நடுவில் பதிந்த மேசை, காலில்லாத கதிரை, இரவில் நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவர்களே வந்து நிலத்தில் மெத்தை விரித்துவிட்டுப் போவார்கள். இளம் ஆட்களுக்கு அதில் நல்ல நித்திரை வரும். முழங்கால் நோவுள்ளவர் நடுச்சாமத்தில் கழிவறைக்கு எழும்ப வேண்டி வந்தால் பெரிய சோலி. அதற்காக ரியோகனே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கட்டில் போட்ட ஜப்பானிய அறைகள் சில ரியோகன்களில் இருக்கின்றன, பதிவு செய்யும்போது அதைத் தேடி எடுத்து, உயரமான கதிரை வேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதி விடுங்கள்.

மாமி வாசலில் சப்பாத்துக் கழற்றக் குனிந்து சிரமப்பட்டதைப் பார்த்துவிட்டு அந்த விடுதி அம்மா ஒரு சின்ன வாங்கு கொண்டுவந்து போட்டா, மறுகா சாப்பாட்டு அறைக்குப் போனால் அங்கேயும் நாங்கள் கேட்காமலே மாமிக்கு மட்டும் ஒரு உயரக் கதிரை வைத்திருக்கிறது. வெளிக்கிடும்போது எங்கள் டாக்ஸி முடக்கில் திரும்பும் மட்டும் வாசலில் நின்று குனிந்து வணங்கினார்கள். அந்த உபசரிப்பை ஒரு தரமாவது அப்பா அம்மா அனுபவிக்க வேண்டும் என்பது என் எண்ணம், அதனால் ஒரு இரவு எடுங்கள். ஒன்று போதும். ரியோகன் வாடகை பெரும்பாலும் அறைக்கு என்று வராது, ஆளுக்கு என்று வரும். இரண்டு நேரச் சாப்பாட்டோடு ஒரு ஆளுக்கு 30,000 யென் தாண்டுவது சாதாரணம், அதுவும் நவம்பர் கடைசி என்றால் மேப்பிள் இலை சிவக்கிற காலம், வசந்தத்தில் செர்ரி பூக்கிற காலத்துக்கு அடுத்தபடி விலை உச்சத்தில் நிற்பது அப்போதுதான். சனிக்கிழமை இரவைத் தவிர்த்தாலே கொஞ்சம் மிஞ்சும். இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கு வைத்துவிடுவார்கள், ஊர் சுற்றிவிட்டு எட்டு மணிக்கு வந்தால் சாப்பாடு இருக்காது. ரியோகன் எடுத்த அன்று வேறு எங்கேயும் ஓடாமல் மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்து, குளித்து, அவர்கள் தருகிற யுகாத்தா என்கிற மெல்லிய பருத்தி அங்கியை உடுத்திக்கொண்டு தேத்தண்ணி குடித்தபடி இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்தக் காசு. யுகாத்தா கட்டும்போது இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை, அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள்.

மற்ற இரவுகளுக்குச் சாதாரண ஹோட்டல். அறைகள் சின்னன், 12, 13 சதுர மீற்றர் அறையில் இரண்டு பேருக்குக் கட்டில் போட்டிருப்பார்கள், இரண்டு பெரிய பெட்டியை ஒரே நேரம் திறக்க இடம் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது படத்தை விட அந்தச் சதுர மீற்றர் கணக்கைத்தான், வயது போனவர்கள் இருக்கிற அறைக்கு 20க்குக் குறையாமல் எடுங்கள். குளியலறையையும் பாருங்கள். மலிவான ஹோட்டல்களில் குளியல் தொட்டி, கழிவறை, கைகழுவுகிற இடம் எல்லாம் சேர்ந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி மாதிரித்தான் இருக்கும், அறைத் தரையில் இருந்து ஒரு படி ஏறி உள்ளே போய், அதற்குள் இன்னும் உயரமான தொட்டி விளிம்பைத் தாண்டித்தான் குளிக்க வேண்டும். மாமிக்கு அது ஒவ்வொரு நாளும் பயம், நான் கைபிடித்துத்தான் இறக்கினேன். தொட்டி தனி, ஷவர் தனி என்று இருக்கிற அறை கொஞ்சம் விலை கூடினாலும் எடுங்கள். கழிவறை பற்றி யோசிக்கவே வேண்டாம், இளஞ்சூட்டில் தண்ணீர் அடித்துக் கழுவுகிற கழிவறைதான் எங்கேயும், நம்மட ஆட்களுக்கு அது பெரிய நிம்மதி.

இடம் என்று பார்த்தால் கராசுமா சுரங்க ரெயில் பாதையில் எங்காவது. கியோட்டோ நிலையம், கோஜோ, ஷிஜோ, கராசுமா ஒய்கே இவற்றுக்குக் கிட்ட என்றால் நடை குறைவு. கியோன் பக்கம் பார்க்க அழகுதான், ஆனால் பஸ்ஸில் ஏறவே இடம் கிடைக்காத பகுதி அது, பெட்டியோடு என்றால் நினைக்கவே வேண்டாம். ரெயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு, எந்த வாசலில் என்று பார்த்துக்கொண்டு போங்கள். நாலு பேருக்கு டாக்ஸியும் பெரிய நட்டம் இல்லை.

சம்மாந்துறைக் காக்கா:

தம்பி, குளியலைப் பற்றி ஒரு விசயம் தெளிவாகச் சொல்லுகிறேன். ரியோகனிலும் சில ஹோட்டல்களிலும் குளியல் பொதுவில்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு இடம், ஆனால் உள்ளே உடுப்பில்லாமல்தான் இறங்க வேண்டும், நீச்சல் உடுப்புக்கும் அனுமதி இல்லை. எங்களுக்கு மார்க்கப்படி அது சரிவராது, உங்கள் அம்மாவும் ஒத்துக்கொள்வா என்று நான் நினைக்கவில்லை. வழி இருக்கிறது: குடும்பத்துக்கு மட்டும் ஒரு மணித்தியாலமோ முக்கால் மணித்தியாலமோ ஒதுக்கித் தருகிற தனிக் குளியலறை பல ரியோகன்களில் உண்டு, போன உடனேயே கேட்டு நேரம் எழுதி வைத்துவிடுங்கள். அறைக்குள்ளேயே குளியலறை இருக்கிறதா என்பதையும் பாருங்கள், பழைய ரியோகன்கள் சிலவற்றில் கழிவறைகூடப் பொதுவில்தான் இருக்கும். தொட்டியில் இறங்க முன்னம் வெளியே இருந்து சோப்புப் போட்டு முழுசாகக் கழுவிவிட வேண்டும், தொட்டித் தண்ணீர் எல்லாருக்கும் பொது.

மறுகா சாப்பாடு. உங்கள் அப்பாவுக்கும் எனக்கும் பிரச்சினை ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடக்கிற சாமான். அவருக்கு மீன், எனக்குப் பன்றியும் சாராயமும். ஜப்பான்காரர் மரக்கறியை அவிக்கிறதே தாஷி என்கிற சாற்றில்தான், அதில் காய்ந்த மீன் சீவல் போட்டிருப்பார்கள், மீன் துண்டு தெரியாதபடியால் அவர்களுக்கே அது மச்சமாகப் படாது. மிரின் என்று இனிப்புக்கு ஊற்றுகிறது மது வகை, சில சோயா சோஸிலும் மதுசாரம் உண்டு. அதனால் மரக்கறிக்காரர் என்று சும்மா சொன்னால் போதாது, மீன் சாறும் ஆகாது என்று பதிவு செய்கிற நேரமே ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்ப வேண்டும், தங்கச்சி இருக்கிறதால் உங்களுக்கு அது லேசு. அன்றைக்குப் போய் நின்று கேட்டால் எந்த ரியோகனாலும் செய்ய ஏலாது. முடியாது என்று அவர்கள் பதில் எழுதினால் கோபப்படாமல் சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுங்கள், விலையும் இறங்கும்.

நாங்கள் குடும்பமாகப் போனபோது சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் ஹோட்டல்தான் எடுத்தோம். உம்மா காலையில் சோறும் பருப்பும் ஆக்கிப்போடுவா, அதைச் சாப்பிட்டு வெளிக்கிட்டால் பகல் முழுக்கச் சாப்பாட்டு யோசனை இல்லை. ஹலால் ராமென் என்கிற நூடில்ஸ் சூப் விற்கிற கடைகளும் கியோட்டோவில் இருக்கின்றன, ஜிங்கு மருதமாச்சி நிலையத்துக்குக் கிட்டப் பள்ளிவாசலும் இருக்கிறது, நம்மட முஸ்லிம் ஆட்கள் வாசித்தால் உதவும். எங்கள் ஹோட்டலில் தொழுகைப் பாய் கேட்டோம், கிப்லா திசை குறித்த தாளோடு கொண்டுவந்து தந்தார்கள்.

களுதாவளையான்:

நான் கொஞ்சம் மாறிச் சொல்லுவேன். நவம்பர் கடைசியில் கியோட்டோவுக்குள் தங்குகிறதே வீண் செலவு. ஒட்சுவில் எடுங்கள். கியோட்டோவில் இருந்து ஜே.ஆர். ரெயிலில் பத்து நிமிசம், ஜப்பானின் ஆகப் பெரிய ஏரியான பிவாவின் கரையில் இருக்கிற ஊர், அதே காசுக்கு அறை பெரிசு, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். வாவிக் கரையில் வளர்ந்த எனக்கு அந்தச் சனநெரிசலுக்குள் பகல் முழுக்க நின்றுவிட்டு இரவில் ஏரிக்கரைக்குத் திரும்பினது பெரிய ஆறுதலாக இருந்தது. ஒசாக்காவில் தங்கியும் போகலாம், விரைவு ரெயிலில் அரை மணித்தியாலம்தான், ஆனால் வேலைக்குப் போகிறவர்களோடு நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அம்மாவுக்கு அது வேண்டாம்.

கல்லடித் தம்பி:

அக்கா, காக்கா, அண்ணா, மூன்று பேருக்கும் பெரிய நன்றி. குளியல் தொட்டி விளிம்பு, மீன் சாறு இதெல்லாம் எந்த ஹோட்டலின் இணையப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை. இன்னும் சில கேள்வி. நாலு பேரும் ஒரே அறையில் இருக்க விடுவார்களா? அப்பாவுக்குக் கோயில் விடுதியில் ஒரு இரவு தங்க விருப்பம், அது சரிவருமா? அம்மா சின்ன ரைஸ் குக்கரைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும் என்கிறா. மச்சியா வீடு முழுசாக எடுத்தால் எல்லாரும் ஒன்றாக இருக்கலாம் என்று தங்கச்சி சொல்லுகிறாள்.

திருக்கோவிலில் இருந்து ஒசாக்கா:

நான் இங்கே வேலை செய்கிறேன், ஊரில் இருந்து வருகிறவர்களுக்கு அறை பதிவு செய்து கொடுத்த அனுபவத்தில் சொல்லுகிறேன்.

குக்கரை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள் தம்பி. இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்மட 230 வோல்ட் குக்கர் சூடே ஏறாது, குத்துகிற முனையும் தட்டையான இரண்டு ஊசி, வேறு. போன் சார்ஜருக்கு மாற்றி ஒன்று போதும். சாதாரண ஹோட்டல் அறைக்குள் சமைக்கவும் விடமாட்டார்கள். காக்கா சொன்ன மாதிரி சமையலறை உள்ள இடம் எடுத்தால் பெரும்பாலும் அங்கேயே குக்கர் இருக்கும், அரிசி எந்தக் கடையிலும் வாங்கலாம், கறித்தூளை மட்டும் ஊரில் இருந்து கொண்டுவாருங்கள்.

நாலு பேருக்கு ஒரே அறை சாதாரண ஹோட்டலில் கஷ்டம். எத்தனை பேர் என்று பதிவில் சொன்னீர்களோ அத்தனை பேர்தான், ஒரு ஆள் கூடினாலும் ஏற்கமாட்டார்கள், ஊரில் போல ஒரு மெத்தை போட்டுக்கொள்ளலாம் என்ற கதை இங்கே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை எடுங்கள். மச்சியா நாலு பேருக்கு நல்லதுதான், ஆனால் அம்மாவுக்குச் சரிவராது. அந்த வீடுகள் வாசல் ஒடுங்கி உள்ளுக்கு நீளமாகப் போகும், படிக்கட்டு ஏணி மாதிரிச் செங்குத்தாக இருக்கும், படுக்கை மேலே, கழிவறை கீழே. நவம்பர் கடைசியில் இரவில் நல்ல குளிர், மரச்சுவருக்குள்ளால் அது உள்ளே வரும். சுவர் மெல்லிசு, பக்கத்தில் ஊர் ஆட்கள் குடியிருக்கிறார்கள், இரவில் கதைக்கிற சத்தமும் கல் ஒழுங்கையில் பெட்டிச் சில்லு உருளுகிற சத்தமும் அவர்களுக்குப் பெரிய தொந்தரவு. தங்கச்சி விரும்பினால் கீழ்த்தளத்தில் கட்டிலும் கழிவறையும் உள்ளதாகப் பார்த்து, உரிம இலக்கம் போட்டிருக்கிறதா என்று சரிபார்த்து எடுங்கள். இலக்கம் இல்லாத வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கோயில் விடுதி அப்பாவுக்கு நல்லாப் பிடிக்கும். சியோன்-இன் கோயிலுக்கு வாஜுன் காய்கான் என்று ஒரு விடுதி, நின்னாஜி கோயிலுக்கு ஒமுரோ காய்கான் என்று ஒரு விடுதி இருக்கிறது, தங்குகிறவர்கள் விடியக் காலமே பிக்குகளின் பிரார்த்தனையில் போய் இருக்கலாம். சியோன்-இன் கோயிலில் படிகள் கன உயரம், பெரிய வாசலுக்குப் பின்னால் இருக்கிற கல்படியில் அம்மாவை ஏற்ற வேண்டாம், சரிவான பாதையால் போங்கள். சாப்பாட்டுக்கு ஷோஜின் ரியோரி என்கிற பௌத்த மடத்து மரக்கறிச் சாப்பாடு தேடுங்கள், மீன், முட்டை கிடையாது, வெங்காயம், உள்ளிகூடச் சேர்ப்பதில்லை. கியோட்டோவின் மேற்குப் பக்கம் அரஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே மதியத்துக்கு ஷிகெட்சு என்ற இடத்தில் கிடைக்கும். நான்சென்ஜி கோயில் பக்கத்தில் கொதிநீரில் வைத்துத் தருகிற தோஃபு என்கிற சோயாக்கட்டி பிரபலம், அப்பா அதைச் சாப்பிட்டால் தொட்டுக்கொள்கிற சோஸை மட்டும் கேட்டுவிட்டுத் தொடச் சொல்லுங்கள், அதில் மீன் சாறு சேருவதுண்டு.

வரி ஒன்று இருக்கிறது. கியோட்டோ மாநகரம் 2018 ஒக்டோபரில் இருந்து தங்குமிட வரி எடுக்கிறது, 2026 மார்ச் 1 முதல் அது கூடியிருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு இரவு வாடகை 6,000 யென்னில் இருந்து 20,000க்குள் என்றால் 400 யென், 20,000இல் இருந்து 50,000க்குள் என்றால் 1,000 யென், 50,000 தாண்டினால் 4,000, ஒரு இலட்சம் தாண்டினால் 10,000. இணையத்தில் காட்டுகிற விலைக்குள் பல நேரம் இது சேர்ந்திருக்காது, ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். களுதாவளை அண்ணன் சொன்ன ஒட்சு வேறு மாநகரம், இந்த வரி அங்கே இல்லை. போன உடனே கடவுச்சீட்டைக் கேட்டுப் பிரதி எடுப்பார்கள், வெளிநாட்டுப் பயணிகளிடம் அப்படி எடுக்க வேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். டிப்ஸ் கொடுக்க வேண்டாம், வாங்கமாட்டார்கள்.

விசாவுக்கு எங்கெங்கே தங்குகிறீர்கள் என்ற விபரம் கொடுக்க வேண்டும், ஆனபடியால் காசு பிடிக்காமல் ரத்துச் செய்யக்கூடிய அறைகளாக இப்போதே பிடித்து வையுங்கள், நவம்பருக்கு ஆறு மாசம் முன்னமே நல்ல அறைகள் முடிந்துவிடும். கொழும்பில் இருந்து நேர் விமானம் டோக்கியோவுக்குக் கிட்ட உள்ள நரித்தாவுக்குத்தான், இறங்கின அன்றைக்கே கியோட்டோவுக்கு ஓடாதீர்கள். டோக்கியோ நிலையத்துக்கு ஒரு மணித்தியாலம், அங்கிருந்து ஷின்கான்சென் என்கிற அதிவேக ரெயிலில் இரண்டே கால் மணித்தியாலம், மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்கவுக்கு ஒரு இரவு முழுக்க வந்த ஆட்களுக்கு அது கூடிப்போகும். சிங்கப்பூர், பாங்கொக் வழியாகக் கான்சாய் விமான நிலையத்துக்கு வந்தால் ஹருகா ரெயிலில் ஒன்றேகால் மணித்தியாலத்தில் நேரே கியோட்டோ.

செட்டிபாளையம் அக்கா:

ஒசாக்காத் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் மாறுகிற நாளில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம், ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தால் தக்யூபின் என்கிற சேவையில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவார்கள், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும். அம்மாவின் மருந்தையும் ஒரு இரவுக்கான உடுப்பையும் கைப்பையில் வைத்துவிட்டுத்தான் பெட்டியைக் கொடுங்கள். திரும்பிப் போகும்போது விமான நிலையத்துக்கு அனுப்புவதென்றால் இரண்டு நாள் முன்னமே கொடுத்துவிட வேண்டும்.