அல்சூர் குடும்பக் குழு: வவுனியா மாமியின் படிவம்

ராஜி சித்தி: மலர் மாமி, காணாமப் போன மகனோட பேப்பர் எல்லாம் போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காங்க. ஜெனீவாவுக்குப் போகணும். யார் டைப் பண்றீங்க?

குமார்: இலங்கைக்கு ஐ.நா. தடை!!! அனைவருக்கும் பகிரவும்

சேகர் பெரியப்பா: அதை அழி குமார். மனித உரிமைப் பேரவையால தடை போட முடியாது. 47 நாடு உட்கார்ந்து ஓட்டுப் போடுற இடம் அது. இலங்கைத் தீர்மானத்துக்கு 2022 அக்டோபர்ல 20 ஆதரவு, 7 எதிர்ப்பு, 20 நடுநிலை. தடை தனித்தனி நாடு போடுறது: 2023ல கனடா மகிந்த, கோத்தபய மேல, 2025 மார்ச்ல பிரிட்டன் முன்னாள் ராணுவத் தளபதி சவேந்திர சில்வா மேல.

வசந்தி: நம்ம இந்தியா ஓட்டு?

சேகர் பெரியப்பா: 2012, 2013 ஆதரவு. 2014ல இருந்து ஓட்டெடுப்புன்னாலே நழுவல்தான்.

அருண்: ஞாயிறு வளைகாப்புக்கு எத்தனை இலை? சமையல்காரர் கேக்குறார்

ராஜி சித்தி: படிவம்!!

சேகர் பெரியப்பா: இது ஐ.நா.வோட காணாமலாக்கப்பட்டோர் பணிக்குழுவுக்கு. தமிழ்ல அனுப்பாதீங்க, இங்கிலீஷ்தான். அவசர வழி 3 மாசத்துக்குள்ள நடந்ததுக்கு மட்டும், நமக்கு சாதாரண வழி. கடைசியா பார்த்த நாள், மாசம், வருஷம் மூணும் வேணும். வெறும் 2009னு எழுதினா தேறாது. "முல்லைத்தீவு வட்டுவாகல்ல ஆர்மிகிட்ட ஒப்படைச்சது"ன்னு இடம், ஆள் ரெண்டும் எழுதணும். போலீஸ் முறைப்பாடு, செஞ்சிலுவை, ஓ.எம்.பி. (இலங்கை அரசோட காணாமல்போனோர் அலுவலகம்) நம்பர் எல்லாம் தேடினதுக்கு அத்தாட்சி. சிக்கல் பேர்லதான். அடையாள அட்டைல தங்கராசா, செஞ்சிலுவை கார்டுல தங்கராஜா, போலீஸ்ல வெறும் இனிஷியல். அட்டைல உள்ளதை முதல்ல போட்டு, மத்ததை "இப்படியும் எழுதுவர்"னு சேர்க்கணும். இல்லேன்னா ரெண்டு ஆளுன்னு நினைப்பாங்க.

வசந்தி: இனிஷியலை விரிக்கணுமா?

சேகர் பெரியப்பா: கண்டிப்பா. அப்பா பேர் எது, அவன் பேர் எதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

மலர் மாமி: பேர் குடுத்தா சிஐடிகாரர் வீட்ட வருவினமோ?

சேகர் பெரியப்பா: அனுப்புறவர் பேரை ரகசியமா வைக்கச் சொல்லலாம் மாமி, படிவத்துலயே இடம் இருக்கு. மகன் பேர் மட்டும் கொழும்புக்குப் போயே தீரும். மிரட்டினா அதையும் எழுதுங்க, அதுக்குத் தனியா அரசாங்கத்துக்குக் கடிதம் போடுவாங்க.

அருண்: ஒரு பேப்பர் போய் என்ன ஆகப்போகுது

சேகர் பெரியப்பா: தனியா ஒண்ணும் ஆகாது. ஐரோப்பா 2010ல இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ்ங்கிற ஏற்றுமதி வரிச் சலுகையை நிறுத்தி 2017லதான் திருப்பிக் குடுத்தது. திரும்பவும் போயிடுமோன்னு கார்மெண்ட்ஸ்காரங்களுக்குப் பயம். 2022ல பயங்கரவாதத் தடைச் சட்டத்துல தடுப்புக்காவல் 18 மாசம் 12 ஆச்சே, சும்மாவா? பேசப் போறவன் கையில கோப்பு இருக்கணும்.

ராஜி சித்தி: யார் மெயில் ஐடி போடுறது?

சேகர் பெரியப்பா: அதுதான் முக்கியம். கொழும்பு ஏதாவது பதில் சொன்னா நமக்கு வரும். ஆள் என்ன ஆனார்னு அதுல தெளிவா இருந்து, நாம 6 மாசத்துக்குள்ள மறுக்கலேன்னா, தீர்ந்த கேஸ்னு பணிக்குழு மூடிடலாம்.

அருண்: என்னோடது போடுங்க

சேகர் பெரியப்பா: கல்யாணப் பத்திரிகைல என் பேரையே விட்டவன் நீ.

அருண்: பெரியப்பா அது பிரஸ்காரன் 😐

ராஜி சித்தி: ஆரம்பிச்சாச்சு

மலர் மாமி: மருமகளிட்டையும் கேக்கவேணும். அவ மரணச் சான்றிதழ் எடுப்பம் எண்டு நிக்கிறா.

சேகர் பெரியப்பா: அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க மாமி. காணாமற்போன சான்றிதழ்னு தனியா ஒண்ணு இருக்கு, அது போதும். அதை வாங்கினாலும், குடும்பமே இனி வேணாம்னு சொன்னாத்தான் கோப்பை ஒதுக்குவாங்க.

மலர் மாமி: கேட்டுச் சொல்லுறன்.

வசந்தி: செஞ்சிலுவை கார்டு பின்பக்கமும் போட்டோ அனுப்புங்க மாமி, தேதி மங்கலா இருக்கு. 17ஆ 18ஆ?