மறுமொழி: உதிரிக்கொடையா, உருவலா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா வேலைல மாட்டிக்கிட்டேன், இப்பதான் இழை முழுசும் படிச்சேன். ஓரங்கட்டின லோக்கோலேர்ந்து பாகத்தைக் கழட்டி இன்னொண்ணுல போடுறதை இங்கிலீஷ்ல 'கேனிபலைசேஷன்'பாங்களே, நம்ம கண்காட்சி அட்டைல அதுக்கு என்ன தமிழ்ச் சொல் போடலாங்கிறதுதான் கேள்வி. அக்கா சொன்ன 'உதிரிக்கொடை' அழகான சொல்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா டெல்டிக் படத்துக்குக் கீழ அதைப் போட்டா பொய்யாயிடும்னு படுது. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்குங்க.

இழைக்குப் புதுசா வந்தவங்களுக்கு: டெல்டிக்ங்கிறது 1961, 62ல பிரிட்டிஷ் ரயில்வேக்கு வந்த டீசல் லோக்கோ (ரயிலை இழுக்கிற வண்டி), மொத்தமே 22தான். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நேப்பியர் எஞ்சின், வேகப் படகுக்குன்னு கடற்படை செய்யச் சொன்ன ஜாதி. 18 சிலிண்டரை முக்கோணமா அடுக்கி, ஒரு சிலிண்டருக்குள்ளயே ரெண்டு பிஸ்டன் எதிரெதிரா ஓடும், ஆக ஒரு எஞ்சினுக்கு 36 பிஸ்டன். ரெண்டும் சேர்ந்து 3,300 குதிரைத்திறன், லண்டன் எடின்பரோ பாதைல 100 மைல் வேகம். ஸ்டார்ட் பண்ணும்போது பிளாட்ஃபாரமே மறையுற மாதிரி புகை கக்கும், அதனால போன வாரம் டீசலைப் புகைவண்டின்னு சொல்லக்கூடாதுன்னு சண்டை போட்ட தம்பி இந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கவும்.

இப்ப சொல்லுக்கு வர்றேன். இந்த லோக்கோல எஞ்சின் கெட்டா, வண்டிய ஷெட்டுல போட்டு மாசக்கணக்கா ரிப்பேர் பார்க்க மாட்டாங்க. எஞ்சினை முழுசா தூக்கிட்டு, ஓவர்ஹால் முடிஞ்சு வந்த இன்னொண்ணை இறக்கிடுவாங்க, கழட்டினது போய் சரியாகி வேற ஏதாவது லோக்கோல உக்காரும். இது வெறும் மாற்று, நம்ம வீட்டுல காஸ் தோம்பு மாத்துறோமே அந்தக் கதைதான். யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கல, யாரும் இழக்கவும் இல்ல. அக்கா பட்டியல்ல இதுவும் உதிரிக்கொடைனு இருக்கு, அதை எடுத்துடலாம்.

1978ல ஹைஸ்பீடு ரயில் அந்தப் பாதைக்கு வந்துச்சு, டெல்டிக்குக்கு மவுசு போச்சு. அப்ப நடந்ததுதான் நாம பேர் தேடுற விஷயம். 55001, 55020 ரெண்டையும் ஓரங்கட்டி, மத்ததுக்கு வேணுங்கிற பாகத்தையெல்லாம் அதுலேர்ந்தே எடுத்தாங்க, 1980 ஜனவரியில ரெண்டையும் கணக்குலேர்ந்தே நீக்கிட்டாங்க, அப்புறம் டான்காஸ்டர்ல வெட்டிப் போட்டாங்க. ரெண்டுக்கும் பந்தயக் குதிரை பேரு வேற, செயின்ட் பேடி, நிம்பஸ். கேக்காம புடுங்கினதைக் கொடைன்னா கர்ணன் கோவிச்சுக்குவான்.

தம்பி சொன்ன 'தன்னின உண்ணல்' விலங்கியல்ல சரி. இங்க லோக்கோ லோக்கோவைத் திங்கல, ஃபோர்மேன்தான் தின்னாரு. இங்கிலீஷ்காரனுக்கு அந்த உவமை இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நமக்கு எதுக்கு. செலேத்தார்ல விமானம் ரிப்பேர் பார்க்கிற நம்ம நண்பர் எழுதியிருந்தாரே, அவங்க 'ராப் பண்றோம்'னே சொல்வாங்களாம், திருட்டைத் திருட்டுன்னே சொல்ற நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு.

எங்க பெரியப்பா ரயில்வேல ஃபிட்டர். குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே ஆளுங்க சேர்ந்து வச்ச முனீஸ்வரன் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போன காலத்துலேர்ந்து அவர் வாயில நான் கேட்ட ஒரே ஷெட்டு பாஷை, 'இதுலேர்ந்து உருவி அதுல சொருவு'. அவர் கை வச்சது 20 கிளாஸ் லோக்கோ, 1957 வாக்குல மலாயாவுக்கு வந்த 26ம் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி தயாரிப்பு, டெல்டிக் பிறந்த அதே வல்கன் ஃபவுண்ட்ரி தொழிற்சாலைல செஞ்சது. உருவின பாகத்து மேல எந்த லோக்கோலேர்ந்து எடுத்ததுன்னு சாக்பீஸ்ல நம்பர் எழுதுவாராம், உருவின பைப் வாயில பழந்துணியத் திணிச்சு வைப்பாராம், தூசி போகக்கூடாதுன்னு. இனிமே அது ஓடாதுன்னு தெரிஞ்சுமா பெரியப்பான்னு கேட்டா, 'உனக்குத் தெரியும், அதுக்குத் தெரியாதுல்ல'ம்பாரு.

அதனால இதுக்கு என் ஓட்டு 'பாகம் உருவல்'. 'உருவல்'னு தனியா போட்டா மருத்துவச்சி கை கால் உருவிவிடுறதா நினைப்பாங்கன்னு சார் சொன்னது நியாயம், பாகம்னு முன்னாடி வந்துட்டா அந்தக் குழப்பம் இல்ல.

உதிரிக்கொடையைத் தூக்கி எறியச் சொல்லல. அதுக்குப் பொருத்தமான இடம், பழைய லோக்கோவைக் காப்பாத்தி வைக்கிற சங்கங்கள்கிட்ட இருக்கு. 1982 ஜனவரி 2ல கடைசி ஓட்டம் முடிஞ்சப்புறம் 22ல ஆறுதான் தப்பிச்சுச்சு. அதுல 9000ஐ ஓட்டினவங்க, அதுக்குப் பாகம் வேணும்னே காசு கொடுத்து 9016ஐ வாங்கினாங்க (இது ரெண்டும் டெல்டிக்கோட பழைய நம்பர், 55ல ஆரம்பிக்கிறது பின்னாடி வந்தது). இது கொடைதான், தெரிஞ்சு, பேர் சொல்லி, இதுக்குன்னே வாங்கினது. வேடிக்கை என்னன்னா பிரிச்சு மேயறதுக்கு வாங்கினதையே அப்புறம் மனசு மாறி சரி பண்ணி, 1990களின் கடைசில ஊதா பெயின்ட் அடிச்சு மெயின் லைன்ல ஓட விட்டுட்டாங்க. பெரியப்பாவோட பழந்துணி ஞாபகம் வந்துச்சு எனக்கு.

ஆக 'உதிரிக்கொடை லோக்கோ' 9016க்கு, 'பாகம் உருவல்' 55001, 55020க்கு. சிக்கல் ஒண்ணுதான் மிச்சம், உருவல் நடந்த லோக்கோவை என்னன்னு கூப்பிடுறது? 'உருவப்பட்ட லோக்கோ'ன்னு எழுதிப் பார்த்தேன், பக்கத்துல இருந்தவர் உருவப்படம்னு படிச்சுட்டு எங்க படம்னு கேட்டாரு. கட்டுண்ட, வெட்டுண்ட மாதிரி 'உருவுண்ட லோக்கோ' சரியா வருமா? சமூக மன்றக் கண்காட்சி அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, அதுக்குள்ள இலக்கணம் தெரிஞ்சவங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க.