ஷேஃபர் டிரெயில், களிமண் மேடு, காட்டாறு: அமெரிக்காவின் யூட்டா மாநில மண் ரோடுகளில் மறக்கவே முடியாத ஒரு நிமிஷம்

செம்பாறை:
ஷேஃபர் டிரெயிலைப் பத்தி இந்த மன்றத்துல யாருக்கும் விளக்கத் தேவையில்ல. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா மேட்டுலேர்ந்து சுமார் 1,500 அடி கீழ இறங்குற மண் ரோடு. ஓரத்துல தடுப்பு எதுவும் கிடையாது. நாங்க கீழேர்ந்து ஏறிட்டு இருந்தோம். விங்கேட்ங்கிற செம்மணற்பாறை செங்குத்தா எழும்புற இடத்துக்குக் கிட்ட, கொண்டை ஊசி வளைவுல, ஒரு கார் நடு ரோட்டுல நிக்குது.

ஓட்டிட்டு வந்தவர் ஸ்டீயரிங்கை விடவே மாட்டேங்குறார். விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. அவர் மனைவி கீழ இறங்கி, முதுகைப் பாறையோட ஒட்டவெச்சு நிக்குறாங்க. எங்க அண்ணன் ஜன்னல்கிட்ட குனிஞ்சு, "பள்ளத்தைப் பாக்காதீங்க, சுவரைப் பாத்து மெதுவா விடுங்க"ன்னு நிதானமா சொல்லிப் பார்த்தார். அந்த மனுஷன் தலையைக்கூடத் திருப்பல. கடைசியில அவரைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொல்லிட்டு, அண்ணனே காரை அகலமான இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்க கீழ நோக்கித்தான் போனாங்க. திரும்ப அதே வழியிலதானே ஏறணும்? எப்படி ஏறியிருப்பார்? அந்தக் கையை நினைச்சா இன்னிக்கும் தூக்கம் கலைஞ்சுடுது.

பாலைவண்டி:
அதே வழியில ஏறணும்னு இல்லீங்க. கீழ போனா பொட்டாஷ் ரோடு பிடிச்சு மோவாப் ஊருக்குப் போயிடலாம். ஆனா அது இன்னும் மோசமான ரோடு, அடிப்பாகம் உயரமா இருக்குற வண்டி வேணும். கார்ல போயிருந்தா கஷ்டப்பட்டிருப்பாங்க. அது மட்டுமில்ல, ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்கிறது அந்த ரோட்டு நடைமுறை. அதைக்கூடத் தெரிஞ்சுக்காம இறங்க வர்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வருது.

என் கதை கேபிடல் ரீஃப் தேசியப் பூங்கா பக்கம், கதீட்ரல் வேலியில. ஃப்ரீமாண்ட் ஆத்துல வண்டியை இறக்கிக் கடந்து, பென்டோனைட் களிமண் மேடுகளுக்கு வந்துட்டோம். ஊதா, சாம்பல், பச்சைன்னு பட்டை பட்டையா இருக்குமே, அந்த இடம். 15 கோடி வருஷத்துக்கு முந்தின எரிமலைச் சாம்பல் களிமண்ணா மாறினது. தண்ணி பட்டா உப்பிப் போயிடும். சின்னத் தூறல்தான் விழுந்துச்சு. டயர்ல மண் பிசைஞ்ச மாவு மாதிரி அப்பிக்கிச்சு. ஸ்டீயரிங் நேரா இருக்கு, வண்டி மட்டும் தானா பக்கவாட்டுல திரும்புது. பிரேக்ல கால் வெச்சிருக்கேன், அப்பவும் நகருது! ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் ஒண்ணும் நடக்கல.

எதிர்த்தாப்ல ஒரு பழைய பிக்கப் இன்ஜினை அணைச்சுட்டு நின்னுட்டு இருந்துச்சு. மாடு வளர்க்குற பெரியவர். ஜன்னல் வழியா கையை வெளியில நீட்டி, வானத்தைக் காட்டி, அப்புறம் உள்ளங்கையைக் கீழ அமுக்கிக் காட்டினார். இருன்னு அர்த்தம். வெயில் வந்து மேல்மண் காயுற வரைக்கும் அவரும் நகரல, நானும் நகரல. ஒரு வார்த்தை பேசிக்கல.

வன்னிமகள்:
நாங்கள் டொரண்டோவில இருந்து போனனாங்கள். மேல எழுதினவர் மழை நிண்டா, வெயில் எறிச்சா சரி எண்ட மாதிரிச் சொல்லுறார். எங்களுக்கு ஒரு துளி மழையும் விழேல்ல. கேபிடல் கோர்ஜ் எண்ட ஒடுங்கின பள்ளத்தாக்குக்குள்ள போற மண் றோட்டு, ஓகஸ்ட் மாதம். தலைக்கு மேல நல்ல நீல வானம். மேற்கில, மலைக்கு மேல மட்டும் கறுத்துக் கிடந்தது. அதைப் பாத்திட்டுத்தான் நாங்கள் உள்ளுக்குப் போகாமல் மேட்டில நிண்டனாங்கள்.

முதல்ல ஈரமண் மணம் வந்தது. பிறகு கல்லோட கல்லு முட்டுற சத்தம். நான் பெரிய அலை வரும் எண்டு நினைச்சன். வந்தது குச்சி, சருகு, நுரை எல்லாத்தையும் தள்ளிக்கொண்டு வந்த சிவப்புக் குழம்பு, ஆள் நடக்கிற வேகத்தில. அதுக்குப் பின்னாலதான் தண்ணி, ஒரு ஜூனிப்பர் மரத்தை வேரோட உருட்டிக்கொண்டு. அங்க எல்லாம் மொட்டைப் பாறை, தண்ணியைக் குடிக்க மண் இல்லை. விழுகிற மழை முழுக்க அந்த ஒடுங்கின வழியாலதான் வரவேணும்.

1962 வரைக்கும் அதுதான் அந்தப் பகுதிக்குப் பெருந்தெரு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சனம் கல்லைத் தூக்கி எறிஞ்சு வழி திறந்திருக்குதுகள். பாறைச் சுவரில 1871 எண்டு வெட்டின பேரும் கிடக்கு. அந்தக் கல்லுச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகேல்ல.

மலைவழி:
மோக்கி டக்வே என்கிற செங்குத்தான மலைப்பாதையில் எனக்கு பிரேக் புகைந்தது. நல்லவேளை, ஒதுங்க இடம் கிடைத்தது. அவ்வளவுதான் என் கதை.

புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: இறங்கும்போது பிரேக்கை நம்பாதீர்கள், முதல் கியரிலேயே விடுங்கள். டயரில் தார் ரோட்டுக்கு 35 psi என்றால் கரடுமுரடான மண் ரோட்டுக்கு 25 வரை காற்றைக் குறைக்கலாம், அதிர்வும் பஞ்சரும் குறையும். திரும்ப அடைக்கச் சின்ன கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும். ஸ்பேர் டயர் முழு அளவுதானா என்று பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். செல்போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வையுங்கள். கிளம்பும் காலையில் பூங்கா ரேஞ்சர் அலுவலகத்தில் ரோடு நிலவரம் கேளுங்கள், நேற்றைய நிலவரம் இன்றைக்கு உதவாது. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பெரும்பாலும் மண் ரோட்டுக்கு அனுமதி இருக்காது. உள்ளே மாட்டினால் இழுத்து வர 1,000 டாலரைத் தாண்டும். எதிரில் வண்டி வந்து ஒதுங்க இடம் இல்லையென்றால், பக்கத்து மணலில் இரண்டு சக்கரத்தை இறக்கிக் கொள்ளுங்கள்.

கல்லும்கதையும்:
மலைவழி, மத்ததெல்லாம் சரி. கடைசி வரியை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடுங்க. மணல்னு நீங்க சொல்றது பல இடத்துல மணலே இல்ல. கறுப்பா, சின்னச் சின்ன முடிச்சு முடிச்சா இருக்கும் பாருங்க, அது உயிருள்ள மண். நீலப்பச்சைப் பாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மணலைப் பிடிச்சு வெச்சிருக்கு. அது இருக்குறதாலதான் அங்க மண்ணு பறக்காம, செடி முளைக்குது. ஒரு சக்கரம் ஏறினா பழையபடி ஆகப் பல பத்து வருஷம் பிடிக்கும்.

நான் பார்த்ததைச் சொல்றேன். ஷேஃபர் டிரெயிலுக்குக் கீழ இருக்குற ஒயிட் ரிம் ரோட்டுல வண்டியை நிறுத்திட்டுப் பாறை அடுக்கைப் பார்த்துட்டு இருந்தேன். கீழ வெள்ளை மணற்பாறை, அதுக்கு மேல அலைத் தடம் பதிஞ்ச மோயன்கோபி அடுக்கு, அதுக்கு மேல சின்லேங்கிற அடுக்கோட சரிவு. யுரேனியம் இருக்குற அடுக்கு அந்தச் சின்லேதான். அப்பத்தான் ரோட்டை விட்டு விலகி, எங்கயும் போகாம மேட்டுமேல முடியுற ரெண்டு கோடு கண்ணுல பட்டுது. 1950கள்ல யுரேனியம் தேடுறப்போ புல்டோசர் விட்ட தடம்னு ரேஞ்சர் சொன்னார். ரெண்டு பக்கமும் கறுப்பு மண்ணு, நடுவுல அந்தக் கோடு மட்டும் வெளுத்து, ஒரு புல்லுகூட இல்லாம கிடக்கு. ஓட்டினவர் அன்னிக்குச் சாயங்காலமே மறந்திருப்பார்.

இடம் இல்லேன்னா ரிவர்ஸ்ல போங்க. எவ்வளவு தூரமானாலும் சரி. பயமா இருந்தா ஒருத்தர் இறங்கிப் பின்னாடி நின்னு வழி சொல்லட்டும்.