புவாரோவின் கடைசி நாவல் 'கர்ட்டன்': படித்தவர்கள் பகிரலாம்

அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் புவாரோ வரும் கடைசி நாவல் 'கர்ட்டன்'. முடிவைத் தொடாமல் அதைப் பற்றிப் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் படித்துவிடுங்கள், அப்புறம் இதற்கு வாருங்கள்.

புவாரோ இறந்துவிடுவார் என்பது புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் படித்த அண்ணன் சொல்லிவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. நாவல் வெளிவந்த காலத்து வாசகர்களுக்கும் அதே நிலைதான். புத்தகம் வந்தது 1975 செப்டம்பரில். ஆகஸ்ட் 6ஆம் தேதியே நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டுவிட்டது. சாவு முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் என் கவனம் முழுக்க, புவாரோவின் நண்பரும் கதையைச் சொல்பவருமான ஹேஸ்டிங்ஸ் மேல் போனது. இது அவருடைய புத்தகம் என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

1920இல் வந்த முதல் நாவலில் புவாரோவோடு சேர்ந்து துப்பறிந்த அதே ஸ்டைல்ஸ் மாளிகைக்குத்தான் ஹேஸ்டிங்ஸ் திரும்பி வருகிறார். மாளிகை இப்போது காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் தங்கவைக்கும் விடுதி. மனைவி இறந்துவிட்டாள். மகள் ஜூடித் அங்கேயே டாக்டர் ஃபிராங்க்ளினிடம் ஆராய்ச்சி உதவியாளர், அப்பா பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. புவாரோ மூட்டுவாதத்தில் ஒடுங்கி, சக்கர நாற்காலியில். தங்கியிருப்பவர்களில் ஒருவன் ஐந்து கொலைகளுக்குப் பின்னால் இருந்தவன் என்கிறார். ஆனால் அந்த ஐந்திலும் பழி வேறு யார் மேலோதான்.

அவன் நார்ட்டன். பைனாகுலரும் கையுமாகப் பறவை பார்த்துத் திரிகிற சாதுவான ஆள். அவன் யாரையும் தொடுவதில்லை, பேசுவான், அவ்வளவுதான். ஒருவர் மனதில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, சரியான நேரத்தில் ஒரு வார்த்தை போடுவான். சட்டத்தால் அவனை ஒன்றும் செய்ய முடியாது.

அவனுடைய பேச்சில் ஹேஸ்டிங்ஸும் விழுகிறார். அலர்ட்டன் என்கிற ஒழுக்கமற்றவனோடு மகள் பழகுகிறாள் என்ற பயம் அவருக்கு முன்பே உண்டு. அலர்ட்டன் சந்திக்கப்போனது நர்ஸ் கிரேவனை. அது ஜூடித்தான் என்று நார்ட்டன் நம்பவைத்துவிடுகிறான். அன்று ராத்திரி அலர்ட்டனைக் கொல்ல ஹேஸ்டிங்ஸ் எல்லா ஏற்பாடும் செய்கிறார். இத்தனை நாவல்களில் நாம் நம்பி உடன் நடந்த, கொஞ்சம் அப்பாவியான, நேர்மையான அந்த மனிதர்! புவாரோ கொடுத்த சாக்லேட் பானத்தில் தூக்க மருந்து கலந்திருந்ததால் அவர் தூங்கிப்போகிறார். அதனால்தான் அலர்ட்டன் பிழைக்கிறான்.

ஆனால் என்னை உலுக்கியது அந்த இடம் அல்ல. டாக்டரின் மனைவி திருமதி ஃபிராங்க்ளின் அறையில் எல்லோரும் காபி குடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். எரிநட்சத்திரம் தெரிகிறது என்று மற்றவர்கள் வெளியே போக, ஹேஸ்டிங்ஸ் மட்டும் குறுக்கெழுத்துப் புதிரோடு உள்ளே இருக்கிறார். இறந்துபோன மனைவியின் நினைவு வந்து கண் கலங்குகிறது. யாரோ உள்ளே வருகிறார்கள். கண்ணீரை மறைக்க, ஷேக்ஸ்பியர் புத்தகத்தைத் தேடுவதுபோல் பக்கத்திலிருந்த சுழலும் புத்தக அலமாரியைத் திருப்புகிறார். காபிக் கோப்பைகள் அதன் மேல்தான் இருந்தன. கணவனுக்காகத் திருமதி ஃபிராங்க்ளின் விஷம் கலந்து வைத்த கோப்பை இப்படிச் சுழன்று அவள் பக்கமே வந்துவிடுகிறது. அவள் குடித்துச் சாகிறாள். கொன்றது தன் கைதான் என்பது புவாரோவின் கடிதம் வரும்வரை ஹேஸ்டிங்ஸுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. அத்தனையும் நம் கண் முன்னால் நடந்ததுதான். ஒரு மனிதன் மனைவியை நினைத்து அழுகிற நேரத்தில் அந்தத் துப்பை யார் கவனிப்பார்கள்? கிறிஸ்டியின் திறமைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

நீங்கள் எப்போது, எப்படிப் படித்தீர்கள்? எழுதுங்கள்.

*

அக்கா, ஹேஸ்டிங்ஸ் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நான் படித்த சூழலில் புவாரோவைத் தவிர வேறு யாரும் என் கண்ணில் படவில்லை.

அப்பாவுக்கு இதய நோய். மருத்துவமனையில் இரவு துணைக்கு இருக்கும்போது படித்தேன். நெஞ்சு வலி வந்தால் உடனே கொடுக்க வேண்டிய மாத்திரை தலைமாட்டிலேயே இருக்கும், அது கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வேன். புவாரோ கடைசி இரவில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார். நெஞ்சு வலிக்கு முகரும் அமில் நைட்ரைட் குப்பிகளைத் தானே எட்டாத இடத்துக்குத் தள்ளிவைக்கிறார். அந்தப் பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அப்பாவின் கட்டிலருகே போய் நின்றேன்.

நார்ட்டனைக் கொன்றது புவாரோதான். வாழ்நாள் முழுக்கக் கொலையை மன்னிக்காதவர், சட்டம் தொட முடியாத ஒருவனைச் சுட்டுவிட்டு, தன்னை மட்டும் தப்பவிட மனம் வராமல் மருந்தைத் தள்ளிவைக்கிறார். செய்தது சரியா என்று தனக்கே தெரியவில்லை என்று கடிதத்தில் எழுதுகிறார். குண்டு நெற்றியின் நட்டநடுவில் இருக்கிறது. எதிலும் சமச்சீர் தேடும் பழக்கம் கொலையிலும் அவரை விடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை அகதா கிறிஸ்டி எழுதியது இரண்டாம் உலகப் போரின்போது, ஐம்பது வயதை ஒட்டி. எழுதி, வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, மகள் ரோசலிண்டுக்கு உரிமையாக்கிவிட்டார். அதன் பிறகு 1972 வரை புவாரோவை வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு புதிய வழக்கையும் எழுதும்போது புவாரோவின் மரணம் முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் வந்த நாவல்களை இப்போது எடுத்தால் என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. நாவல் வெளிவந்து சில மாதங்களில், 1976 ஜனவரி 12 அன்று, கிறிஸ்டியும் போய்விட்டார்.

அப்பா இப்போது நலம்.

*

தம்பி, அப்பா நலம் என்று படித்ததும் நிம்மதி.

நான் முதலில் பார்த்தது தொலைக்காட்சியில். டேவிட் சூஷே புவாரோவாக நடித்து 1989இல் தொடங்கிய தொடரின் கடைசிக் கதை, 2013 நவம்பர் 13 அன்று ஒளிபரப்பானது. கடைசிப் பருவத்தின் ஐந்து கதைகளில் இதைத்தான் முதலில் படமாக்கினார்கள். நலமாக நடமாடும் புவாரோவாக நடித்து முடிக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். இதற்காக உடம்பை இளைத்து, சாகும் காட்சியில் நடித்துவிட்டு, அப்புறம் மீண்டும் மீசை முறுக்கிய புவாரோவாக வந்து மற்ற கதைகளை முடித்தார். கடைசிப் படப்பிடிப்பு நடந்தது கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில். அதன் பிறகுதான் நாவலைத் தேடிப் படித்தேன்.

புவாரோ செய்தது எனக்கு உடன்பாடில்லை. தன் தீர்ப்பே இறுதி என்று ஒருவர் துப்பாக்கியைத் தூக்கினால், நார்ட்டனின் பேச்சில் விழுந்தவர்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? திருமதி ஃபிராங்க்ளின் சாவு தற்கொலை என்று முடிவாவதற்காக, அவள் கையில் ஒரு குப்பியைப் பார்த்ததாகப் பொய்ச் சாட்சியும் சொல்கிறார். ஜூடித்தையும் டாக்டரையும் காப்பாற்றத்தான். இருந்தாலும் அது பொய்தான். அவரை நல்லவராக மட்டும் காட்டி வழியனுப்பாமல் விட்ட கிறிஸ்டியின் துணிச்சலை மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் வேறு. புவாரோ இறந்து நான்கு மாதம் கழித்து அது ஹேஸ்டிங்ஸ் கைக்கு வருகிறது. விடுதியில் தங்கியிருந்த எலிசபெத் கோல் என்ற பெண்ணின் அக்காவும் நார்ட்டனின் தூண்டுதலில் தந்தையைக் கொன்றவள். கொலைகாரக் குடும்பம் என்ற பழியைச் சுமந்துகொண்டு பெயரையே மாற்றி வாழ்கிறாள் எலிசபெத். அவளிடம் உண்மையைப் போய்ச் சொல், நீயும் இன்னும் வாழலாம், அவளும் வாழலாம் என்று நண்பனிடம் கேட்டுக்கொள்கிறார் புவாரோ. ஹேஸ்டிங்ஸ் போனாரா என்று நாவல் சொல்வதில்லை. போயிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.