மறு: லிப்போலிசிஸ்: கரைப்பா, சிதைவா, பகுப்பா?

> 'கொழுப்புக் கரைப்பு' என்றே வைத்துவிடலாமே, மக்களுக்குப் பழகிய சொல்.

வணக்கம் ஐயா,

லிப்போலிசிஸ், அதாவது உடலில் சேமித்த கொழுப்பை நொதிகள் உடைக்கும் நிகழ்வுக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே பேச்சு. 'கொழுப்புக் கரைப்பு' பழகிய சொல்தான். ஆனால் தொப்பை கரைய எண்ணெய் விற்பவர்கள் அதைப் படாத பாடு படுத்திவிட்டார்கள். தவிர, அங்கே எதுவும் கரைவதில்லை. கொழுப்புச் செல்லுக்குள் சேமித்திருக்கும் கொழுப்பான டிரைகிளிசரைடை நொதிகள் படிப்படியாக வெட்ட, மூன்று கொழுப்பு அமிலங்களும் ஒரு கிளிசராலும் பிரிகின்றன. வெளியே வரும் அமிலம் இரத்தத்திலும் லேசில் கரையாது. அல்புமின் என்ற இரத்தப் புரதம்தான் சுமந்து போகிறது.

'சிதைவு' எனக்கு உடன்பாடில்லை. கருச்சிதைவு, மனச்சிதைவு என்று கேட்டுக் கேட்டு நோய் வாடை ஏறிவிட்டது. இதுவோ இராப் பட்டினியில் எல்லோருக்கும் நடப்பது.

என் பரிந்துரை: கொழுப்புப் பகுப்பு. மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு எல்லாம் பள்ளியிலேயே படித்தவை. வேதியியல்படி இதுவும் நீராற்பகுப்புதான்.

ஆய்வகத்தில் அளப்பதும் பகுப்பைத்தான். எலியின் கொழுப்புத் திசுவை நறுக்கி, கொலாஜினேஸ் நொதியில் 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தால் செல்கள் தனித்தனியாகும். சுழற்றினால் மற்றவை அடியில் படியும், கொழுப்புச் செல்கள் மட்டும் மேலே மிதக்கும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் மார்ட்டின் ராட்பெல் 1964இல் வெளியிட்ட முறை. பிறகு அட்ரினலின் போல ஏதாவது சேர்த்து, ஊடகத்தில் வந்து சேரும் கிளிசராலை அளப்பார்கள். கொழுப்பு அமிலத்தை மட்டும் நம்ப முடியாது. அதில் ஒரு பங்கைச் செல் திரும்பவும் டிரைகிளிசரைடாகக் கட்டிக்கொள்ளும். கிளிசராலை அப்படி மறுபடி எடுத்தாளத் தேவையான கைனேஸ் என்ற நொதி கொழுப்புச் செல்லில் மிகக் குறைவு. அதனால் அது பெரும்பாலும் வெளியே வந்துவிடும், கணக்கும் சரியாக நிற்கும்.

'கொழுப்பு எரிப்பு' என்று வைக்கலாமா எனக் கேட்ட அம்மாவுக்கும் இதுதான் பதில். எரிவது தசை முதலிய திசுக்களின் செல்லுக்குள், ஆற்றல் ஆக்கும் மைட்டோகாண்டிரியாவில். எரியாத அமிலம் கல்லீரலுக்குப் போய், மறுபடி டிரைகிளிசரைடாகி, கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதத் துகளில் ஏறி இரத்தத்துக்கே திரும்பலாம். கட்டுப்பாடில்லாத நீரிழிவில் இன்சுலினின் கடிவாளம் தளர்ந்து பகுப்பு கூடும். இரத்த டிரைகிளிசரைடு எகிற அது ஒரு காரணம். அதைப் போய் 'எரிப்பு கூடியது' என்று எழுதினால் நோயாளி மகிழ்ந்துவிடுவார்!

ஒரு சிக்கல் மிச்சம். இரத்த நுண்குழாய்ச் சுவரில் உட்கார்ந்திருக்கும் லிப்போபுரத லைப்பேஸ் என்ற நொதியும் பகுக்கத்தான் செய்கிறது, ஆனால் இரத்தத்தில் வரும் கொழுப்பை. சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின், செல்லுக்குள் நடக்கும் பகுப்பை அடக்குகிறது. கொழுப்புத் திசுவின் குழாய்ச் சுவரில் நடப்பதையோ கூட்டுகிறது. ஒன்று இருப்பை எடுக்க, மற்றது இருப்பு வைக்க. இரண்டையும் வெறும் 'பகுப்பு' என்றால் மாணவர் குழம்புவார். செல்லகப் பகுப்பு, குழாய்ப் பகுப்பு என்று பிரிக்கலாமா? ஈழத்து நண்பர்கள் செல்லைக் 'கலம்' என்பவர்கள். அவர்கள் பக்கம் 'கலவகப் பகுப்பு' ஓடுமா, நாக்கில் இடறுமா என்று சொல்லுங்கள்.