நண்பனின் குரலைச் சேமிக்க உதவி வேண்டும்

வணக்கம். ஊரில் இருந்த என் நெருங்கிய நண்பன் போன வாரம் தவறிவிட்டான். மகளுக்குப் பரீட்சை, மனைவிக்கு இரவு வேலை. என்னால் கிளம்ப முடியவில்லை. கடைசிக் காரியத்தைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன். குடும்பத்துக்காகத்தான் இங்கே வந்தேன், அதில் வருத்தமில்லை. ஆனால் அவனைத் தெரிந்தவர் இங்கே ஒருவரும் இல்லை. யாரிடம் போய் அழுவது?

எட்டு வருடமாக அவன் அனுப்பிய குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. பாதிக்கு மேல் "டேய், தூங்கிட்டியா?" என்றுதான் தொடங்கும். என்னுடையது ஆண்ட்ராய்டு. உரையாடலை மீடியாவோடு ஏற்றுமதி செய்தால் கடைசி 10,000 செய்திகள் வரைதான் வருகிறது. அதற்கு முந்தையவற்றையும் தேதி மாறாமல் கணினிக்கு மாற்றுவது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவன் அம்மா கேட்டிருக்கிறார்.