பூங்காவிலிருந்து பூங்காவுக்கு: பாதையில் சந்தித்தவர்கள் (மூன்று பேரின் அனுபவங்கள்)

முழங்கால் தேய்மானத்துக்கு நடைதான் மருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை ஐந்தாகப் பிரித்தேன். நாளைக்கு அரை மணி நேரம். பக்கத்துப் பூங்காவையும் அடுத்ததையும் இணைக்கிற சிமெண்ட் பாதை அதற்குச் சரியாக இருந்தது. ஏற்றம் இல்லை, கல் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா போய்க்கொண்டிருந்தார். பெரிய மரத்தடியில், வேர் சிமெண்ட் பாளத்தைத் தூக்கிவிட்ட இடத்தில் நாற்காலி சட்டென்று நின்றது. அந்த விளிம்பு ஒரு விரல் தடிமன்கூட இருக்காது. தினமும் தாண்டுகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. முன்பக்கக் குட்டிச் சக்கரங்களுக்கு அதுவே சுவர். ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கைப்பிடியைப் பிடித்தேன்.

“கேட்காம தள்ளாதீங்க தம்பி, கவிழ்ந்துடும்” என்றார். அப்புறம் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்களை முதலில் ஏற்றி, பின்புறமாகவே தாண்டினார்.

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பூங்கா வரை பேசிக்கொண்டே போனோம். “இந்தப் பாதை எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்” என்றார். சமமாகத்தானே இருக்கிறது என்றேன். இரண்டு கைகளையும் சக்கரத்திலிருந்து எடுத்துக் காட்டினார். நாற்காலி மெல்ல இடது பக்கம் ஒதுங்கியது. மழைத்தண்ணீர் வடிவதற்காகப் பாதையைக் குறுக்கே லேசாகச் சாய்த்துப் போடுவார்கள். அந்தச் சாய்வு 50-க்கு 1 என்ற அளவுக்குள், அதாவது 50 செ.மீ. அகலத்துக்கு 1 செ.மீ. இறக்கத்துக்குள் இருக்க வேண்டும். கூடிவிட்டால், நாற்காலியை நேராக ஓட்டத் தாழ்ந்த பக்கத்துக் கை வழி முழுக்க அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கும். போகும்போது இடது தோள் வலிக்கும், திரும்பும்போது வலது தோள் என்றார். நீளவாக்கில் 20-க்கு 1 வரை ஏறிவிடுவாராம். அதற்கு மேல் என்றால் பாதையோரத்தில் கைப்பிடி வேண்டும், நடுவில் மூச்சு வாங்கச் சமதளமும் வேண்டும்.

மரத்தை வெட்டச் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அந்த நிழலுக்காகத்தான் அவர் அந்த வழி வருவதே. பாளத்துக்கு அடியில் ஈரம் தங்குகிறது, வேர் அதைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான். பூங்கா ஊழியர்களிடம் இருவரும் சேர்ந்து சொன்னோம். விளிம்பைத் தேய்த்துச் சரிவாக்கினார்கள். மரம் அப்படியே நிற்கிறது.

*

முதலில் எழுதியவரே, கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். நான் நடக்கும் பாதை பாதி வழியில் ஒரு சாலையைக் கடக்கிறது. அங்கே வெள்ளைக் கோலுடன் நின்றிருந்தவரின் கையைப் பிடிக்கப் போனேன். “நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கறேன் சார், அதுதான் எனக்கு வசதி” என்றார். நாம் பிடித்தால் இழுப்போம்; அவர் பிடித்தால் நம் உடம்பு திரும்புவதும் இறங்குவதும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

காலடியில் இருந்த மஞ்சள் ஓடுகளை அவர்தான் விளக்கினார். நீளக் கோடுகள் என்றால் தொடர்ந்து போகலாம், புள்ளிகள் என்றால் நின்று கவனிக்க வேண்டும். ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965-ல் உருவாக்கி, 1967-ல் ஒகயாமாவில் ஒரு பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் முதன்முதலில் பதித்தவை இவை. அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அவற்றின் மேல் சைக்கிள் நின்றால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் போகிறேன். நீங்களும் செய்யுங்கள், ஒரு நிமிட வேலை.

*

என்னுடையது சின்ன அனுபவம். அப்பாவுக்கு ஒரேயடியாக முந்நூறு அடிக்கு மேல் நடக்க முடியாது. ஆனால் பெஞ்சுக்குப் பெஞ்ச் உட்கார்ந்து எழுந்து அடுத்த பூங்காவுக்குப் போய்விடுவார். மூன்றாவது பெஞ்சில் அவர் வயதுக்காரர் ஒருவர் தினமும் உட்கார்ந்திருப்பார். பேர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. அந்த ஒரு பெஞ்சுக்குத்தான் கைப்பிடி உண்டு, ஊன்றி எழலாம். அப்பா வருவது தெரிந்ததும் அவர் கைப்பிடி ஓரத்தை விட்டு நகர்ந்து உட்காருவார். போன வாரம் அவர் தாமதமாக வந்தார். அன்றைக்கு அப்பா நகர்ந்து உட்கார்ந்தார்.